முதலில் தராசு, பிறகு அணு

ஜான் டால்டன் பன்னிரண்டு வயதில் வாத்தியாரானார். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பர்லாந்தில், ஈகிள்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூர். அப்பா தறி நெய்பவர். குவேக்கர் குடும்பம். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் பொறுப்பு அந்தச் சிறுவனிடம் வந்தபோது, அவனைவிட மூத்த பையன்களும் அவன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் பிழைப்பு சொல்லிக்கொடுப்பதுதான். 1793-ல் மான்செஸ்டர் நியூ காலேஜில் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் நடத்தப் போனார். 1800-ல் அந்த வேலையை விட்டபின் தனிப்பாடம், அதாவது டியூஷன். அவர் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவிய காலத்தில், பாரிசிலிருந்து ஓர் அறிஞர் அவரைத் தேடிக்கொண்டு மான்செஸ்டர் வந்தாராம். வந்தவர் கண்டது, சின்ன அறையில் ஒரு பையனுக்குச் சிலேட்டில் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த மனிதரை. பையன் கணக்கை முடிக்கும்வரை சற்று உட்காருங்கள் என்றாராம் டால்டன். அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை இது.

தென்காசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டால்டனின் அணுக்கொள்கையை வருஷம் தவறாமல் நடத்தியிருக்கிறேன். பருப்பொருள் அனைத்தும் அணுக்களால் ஆனது, அணுவைப் பிளக்க முடியாது, ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று வரிசையாக வரும் அந்தக் கூற்றுகளைப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஒப்பித்து முடித்ததும் எந்த வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "டீச்சர், அந்த அணுவ யாரு டீச்சர் பாத்தா?"

இந்தக் கேள்வியை நான் என்றும் துடுக்கு என்று நினைத்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய வேதியியலாளர்கள் பலர் இதே கேள்வியைத்தான் நூறு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு விடை தேடி நான் படிக்கத் தொடங்கியபோது தெரிந்துகொண்ட ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். தனிமம், சேர்மம், அணு ஆகிய மூன்றும் தொடக்கநிலை மாணவர்களுக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தவர்களின் கையில்தான் பெரும்பாலும் உருப்பெற்றன. அவை உருவான வரிசையும் முக்கியம். முதலில் எடை வந்தது. பிறகு தனிமம். அதற்கும் பிறகுதான் அணு. நம் பள்ளிகளில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

எடையிலிருந்தே தொடங்குகிறேன். 1789-ல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே ஆண்டில், அந்துவான் லவாய்சியே ஒரு நூலை வெளியிட்டார். வேதியியலின் தொடக்கநிலை நூல் என்பதே அதன் பெயர். புதிதாகப் படிக்க வருபவனை மனத்தில் வைத்து எழுதியதாக முன்னுரையிலேயே சொல்கிறார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகவேண்டும், சோதனை காட்டாத எதையும் மாணவன் தலையில் ஏற்றக் கூடாது என்பது அவர் தனக்கே விதித்துக்கொண்ட ஒழுங்கு. அந்த நூலுக்கான படத் தகடுகள் பதின்மூன்றையும் செதுக்கியவர் அவருடைய மனைவி மரி-ஆன். குடுவை, உலை, தராசு என்று ஒவ்வொன்றையும் பார்த்தவர் தாமே செய்துகொள்ளும் அளவுக்குத் துல்லியமாக வரைந்திருக்கிறார்.

அந்த நூலில் வரும் பாதரசச் சோதனையை ஆசிரியராக வருகிற எல்லோரும் ஒருமுறையாவது எண்களோடு படிக்கவேண்டும். நீண்டு வளைந்த கழுத்துள்ள குடுவையில் நான்கு அவுன்ஸ் பாதரசம். அதன் மேலும், கழுத்து போய் முடியும் கண்ணாடி மணிக்குள்ளும் சேர்ந்து 50 கன அங்குலம் காற்று. அடியில் உலை. பாதரசம் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே, பன்னிரண்டு நாள் இரவும் பகலும் சூடு. இரண்டாம் நாள் பாதரசத்தின் மேல் சிவப்புப் பொட்டுகள் தோன்றின. பன்னிரண்டாம் நாள் உலையை அணைத்து ஆறவிட்டுப் பார்த்தால் காற்று 42, 43 கன அங்குலமாகக் குறைந்திருந்தது. மிஞ்சிய காற்றில் மெழுகுத்திரி அணைந்தது. உயிரினங்கள் மூச்சுத் திணறின.

இதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வேடிக்கை. அவர் நிறுத்தவில்லை. அந்தச் சிவப்புப் பொடியைச் சேகரித்து நிறுத்தார். 45 கிரெய்ன். பிரெஞ்சுக் கிரெய்ன் ஒன்று சுமார் 53 மில்லிகிராம். ஆக மொத்தமே இரண்டரை கிராமுக்குக் குறைவு. அதைச் சின்னக் குடுவையில் போட்டு முன்னைவிட அதிகமாகச் சூடேற்றினார். சிவப்பு மறைந்தது. 41½ கிரெய்ன் பாதரசம் பளபளவென்று திரும்பி வந்தது. கூடவே 7, 8 கன அங்குலம் வாயு வந்தது. காணாமல் போன அதே அளவு! அந்த வாயுவில் மெழுகுத்திரி கண்கூசும்படி எரிந்தது. அதை மிஞ்சிய காற்றோடு கலந்தால் பழைய சாதாரணக் காற்று.

போனது போன அளவிலேயே திரும்பி வந்தது என்பதில்தான் வேதியியல் இருக்கிறது. சிவப்புப் பொடி பாதரசத்தின் இன்னொரு நிறம் என்று யாராவது சொன்னால் தராசு மறுக்கும். பாதரசத்தோடு வேறொன்று சேர்ந்திருக்கிறது, எவ்வளவு சேர்ந்தது என்பதும் தெரியும். இன்றைய அட்டவணையை வைத்து மெர்குரி ஆக்சைடில் பாதரசத்தின் பங்கைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 92.6 வருகிறது. லவாய்சியேயின் எண்களை வகுத்தால் 92.2. கரி அடுப்பும் கண்ணாடிக் குடுவையும் வைத்திருந்த மனிதர்!

அதே நூலில் 33 எளிய பொருள்களின் பட்டியல் கொடுத்தார். எந்தச் சோதனையாலும் அதற்குமேல் பிரிக்க முடியாமல் நிற்பது எதுவோ அதுவே தனிமம் என்பது அவர் வரையறை. இன்றுவரை பிரிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். நாளை பிரிந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அப்படியே நடந்தது. ஒளியும் வெப்பமும் அந்தப் பட்டியலில் இருந்தன, பிறகு நீங்கின. சுண்ணாம்பும் மக்னீசியாவும் இருந்தன, அவை சேர்மங்கள் என்று பின்னால் தெரிந்தது. அணுக்களைப் பற்றிக் கேட்டால், நமக்கு அநேகமாக எதுவுமே தெரியாது என்று எழுதிவிட்டு அவர் மேலே போய்விட்டார். நவீன வேதியியலின் முதல் பாடநூல் அணுவே இல்லாமல் எழுதப்பட்டது! 1794 மே 8-ம் தேதி புரட்சி அரசு அவர் தலையை வெட்டியது. வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தது குற்றம்.

இனி ஜேன் மார்செட். இந்தப் பெயரை நம் பாடநூல்களில் நான் கண்டதே இல்லை. இதை மிகப் பெரிய குறையாக நினைக்கிறேன்.

1769-ல் லண்டனில் பிறந்தவர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பம். கணவர் அலெக்சாண்டர் மார்செட், கைஸ் மருத்துவமனையில் மருத்துவர், வேதியியலிலும் தேர்ந்தவர். அந்நாளில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சோதனைச் சொற்பொழிவுகளுக்கு ஊரே திரண்டது. பெண்களும் திரளாகப் போனார்கள். ஜேனும் போனார். வெடிச் சத்தமும் வண்ணச் சுடரும் கண்ணுக்கு விருந்தாக இருந்தன. ஆனால் வேகமாக ஓடும் பேச்சில் பாதி பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நண்பரோடு ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்து, சில சோதனைகளைத் தாமே செய்து பார்த்தபின் அடுத்த சொற்பொழிவு தெளிவாகப் புரிந்தது. பேசிப் பார்த்தால் புரிகிறது என்று தாம் கண்டுகொண்டதையே புத்தக வடிவமாக்கினார். 1805-ன் கடைசியில் 'வேதியியல் பற்றிய உரையாடல்கள்' இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. பெண் எழுதிய விஞ்ஞான நூலை உலகம் எப்படி வரவேற்குமோ என்ற தயக்கம். 1830-களில்தான் அவர் பெயர் முகப்பில் ஏறியது.

நூலில் மூன்று பேர். பாடம் சொல்லும் திருமதி பி, எமிலி, கரோலின். எமிலி பொறுமைசாலி. கரோலின் அவசரக்காரி, வெடி இருக்கிறதா, தீ இருக்கிறதா என்று கேட்பவள், சலிப்பு வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுபவள். எனக்குக் கரோலினை மிகவும் பிடிக்கும். அப்படிப்பட்ட ஒரு பெண் எல்லா வகுப்பிலும் நடுப்பெஞ்சில் இருப்பாள். அவளைச் சமாதானப்படுத்தாமல் பாடம் நகராது. திருமதி பி அவளை அதட்டுவதில்லை. அவள் சொல்வதில் சரியான பகுதியை எடுத்துக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போகிறார். வெப்பத்தில் தொடங்கி, தனிமங்களுக்கு வந்து, பிறகு சேர்மங்கள் என்று பாடம் வளர்கிறது. 1807-ல் டேவி மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்ததும் மார்செட் தம் நூலைத் திருத்தினார். புதுப் பதிப்பு ஒவ்வொன்றிலும் புதுச் செய்திகள் சேர்ந்தன. இங்கிலாந்தில் 16 பதிப்புகள். அமெரிக்காவில், முக்கியமாகப் பெண்கள் பள்ளிகளில், அதுவே பாடநூல். அங்கே வெளியான பதிப்புகளில் பதிப்பித்த ஆண்களின் பெயர்கள் முகப்பில் இருந்தன, எழுதிய பெண்ணின் பெயர் பல காலம் இல்லை.

லண்டன் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவரின் பைண்டிங் கடை இருந்தது. கொல்லர் ஒருவரின் மகன் 1805-ல் அங்கே ஏழு வருஷத் தொழில் பழக வந்தான். தைக்க வரும் புத்தகங்களை மடிப்பதற்கு நடுவில் படிப்பான். ஒருநாள் மார்செட்டின் நூல் அந்தக் கடைக்கு வந்தது. அந்தப் பையன் மைக்கேல் ஃபாரடே. மார்செட் 1858-ல் இறந்தபோது, உலகப் புகழ் பெற்றிருந்த ஃபாரடே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதை நன்றியோடு நினைவுகூர்ந்தார். புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக அவர் நம்பிவிடவில்லை. கையிலிருந்த சில்லறைக்கு வாங்க முடிந்த பொருள்களைக் கொண்டு சின்னச் சின்னச் சோதனைகள் செய்து பார்த்தார். புத்தகம் சொன்னது உண்மை என்று தெரிந்ததும் வேதியியலைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். பின்னாளில் தம் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்குக் காணிக்கையாக அனுப்பும் வழக்கம் அவரிடம் இருந்தது.

அடுத்து நடந்தது பலருக்கும் தெரியும். 1812-ல் டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தாமே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் வாரம் 25 ஷில்லிங் சம்பளத்தில் ராயல் இன்ஸ்டிடியூஷனின் உதவியாளர். 1825-ல் அங்கே சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் விரிவுரைகள் தொடங்கின. 1827-லிருந்து 1860 வரை பத்தொன்பது முறை அவற்றை நிகழ்த்தியவர் ஃபாரடே. 1860-ல், வயது 69, ஞாபகம் தளர்ந்துகொண்டிருந்த காலம், கடைசித் தொடருக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி. ஆறு விரிவுரைகள். வில்லியம் குரூக்ஸ் அவற்றைப் பதிவுசெய்து 1861-ல் நூலாக்கினார்.

அதில் அவர் செய்யும் ஒன்றை நான் வகுப்பில் செய்து காட்டுவேன். சுடரின் நடுவே, கருத்துத் தெரியும் இடத்தில், வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்தால் மறுமுனையில் வெண்புகை வரும். அதில் தீக்குச்சியைக் காட்டினால் எரியும். எரிவது திரியா, மெழுகா, மெழுகின் ஆவியா என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சுடருக்கு மேல் குளிர்ந்த கரண்டியைப் பிடித்தால் ஈரம் படியும். தீயிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதை ஏற்க அவர்களுக்குச் சற்று நேரம் ஆகும். பிறகு சுண்ணாம்பு நீர். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி, தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து வைத்துக்கொள்வேன். மெழுகுவத்தி எரிந்த பாட்டிலில் அதை ஊற்றிக் குலுக்கினால் பால் போல வெளுக்கும். இன்னொரு டம்ளரில் இளநீர்க் குழாயை வைத்து ஊதினாலும் வெளுக்கும். சுடரும் மூச்சும் ஒரே வாயுவை வெளியிடுகின்றன என்பதுதான் ஃபாரடே கடைசி விரிவுரையில் போய் நின்ற இடம். இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. அந்த நாள் முழுக்கப் பிள்ளைகள் அணுவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். கேட்கவேண்டிய நேரமும் அது இல்லை.

எப்போது கேட்பார்கள் என்பதற்கு டால்டனிடம் திரும்பவேண்டும். அவர் 1787-லிருந்து சாகும் நாள்வரை தினமும் வானிலைக் குறிப்பு எழுதியவர். காற்றில் ஈரம் எப்படிக் கலந்து நிற்கிறது என்ற யோசனையிலிருந்து வாயுக்களுக்கு வந்தார், வாயுக்களிலிருந்து எடைகளுக்கு. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த வாயுக்கள் இரண்டு. ஒரே அளவு கார்பனோடு சேரும் ஆக்சிஜன் ஒன்றில் எவ்வளவோ, மற்றதில் சரியாக அதைப்போல் இருமடங்கு. ஒன்றரை மடங்கோ ஒன்றே முக்கால் மடங்கோ அல்ல. ஏன் முழு எண்? ஆக்சிஜன் என்பது பாதியாகவோ முக்காலாகவோ உடையாத துண்டுகளாக வந்தால்தான் இது நடக்கும். எடைகளைப் பார்த்துத் திகைத்தவனுக்கு அணு விடையாக வருகிறது. 1803 அக்டோபர் 21-ம் தேதி மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்தில் அவர் வாசித்த கட்டுரையோடு முதல் அணு எடை அட்டவணை சேர்ந்திருந்தது. 1808-ல் இதை விளக்கிய அவருடைய நூலின் முதல் பகுதி வந்தது.

வாத்தியார் என்பதால் படமும் போட்டார். ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம், ஹைட்ரஜனுக்கு வட்டத்தின் நடுவில் புள்ளி, நைட்ரஜனுக்கு நெட்டுக்கோடு, கார்பனுக்குக் கறுப்பு வட்டம். 1810 வாக்கில் பீட்டர் ஈவார்ட் என்ற பொறியாளர் அவருக்கு ஓர் அங்குல விட்டமுள்ள மர உருண்டைகள் செய்து கொடுத்தார். துளையிட்டு முளைகளால் இணைக்கலாம். அணுவுக்கு மனிதன் செய்த முதல் பொம்மைகள் இவை. டால்டனின் தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்தான். ஹைட்ரஜனை ஒன்று என்று கொண்டு ஆக்சிஜனுக்கு ஏழு போட்டார். இரண்டும் தவறு. அவர் வழி சரி. அதே மான்செஸ்டரில் பின்னால் பேராசிரியராக இருந்த ஹென்றி ராஸ்கோ ஒரு கதை சொல்வார்: அணு என்றால் என்ன என்று கேட்டதற்கு ஒரு பையன், திரு. டால்டன் கண்டுபிடித்த மர உருண்டைகள் என்று பதில் சொன்னானாம். எடையைக் காட்டாமல் உருண்டையை மட்டும் காட்டினால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் புரிந்துகொள்ளும். இன்று சூரியக் குடும்பம் மாதிரி வட்டம் வட்டமாக எலக்ட்ரான் வரைந்து படிக்கும் நம் பிள்ளைகளும் அந்தப் பையனின் நிலையில்தான் இருக்கிறார்கள்.

வகுப்பில் நாம் பயன்படுத்தும் வண்ணப் பந்துகளுக்கும் ஒரு பிறந்த நாள் உண்டு. 1865 ஏப்ரல் 7. லண்டனில் வேலை பார்த்த ஜெர்மானியர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடைக்கு கிரோக்கே பந்துகளோடு வந்தார். புல்தரையில் மரச்சுத்தியால் பந்தைத் தட்டி ஆடும் ஆட்டம் அது, அப்போது இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. பந்துகளுக்கு வண்ணம் பூசி, குழாய்கள் செருகி, கார்பன் நான்கோடு சேரும், நைட்ரஜன் மூன்றோடு, ஆக்சிஜன் இரண்டோடு என்று காட்டினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை. இன்று கணினித் திரையில் புரதத்தின் படம் வரைகிறவர்களும் பெரும்பாலும் அந்த வண்ணங்களையே போடுகிறார்கள். ஹோஃப்மன் மாதிரிகள் தட்டையானவை. 1874-ல் வான்ட் ஹாஃப், வயது 22, கார்பனின் நான்கு கைகளும் நான்முகியின் மூலைகளை நோக்கியிருக்கும் என்று எழுதி, அட்டையில் நான்முகிகள் செய்து வேதியியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். மூத்தவர் ஒருவர் அச்சிலேயே ஏசினார். 1901-ல் வேதியியலின் முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்கு.

இதற்கிடையே பெரும் குழப்பம் ஒன்றும் இருந்தது. எந்த அணுவுக்கு எவ்வளவு எடை என்பதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. நாம் சமையலில் ஊற்றும் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு வழக்கிலிருந்த வாய்பாடுகளை கெக்குலே என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1861-ல் தம் பாடநூலில் தொகுத்தார், பத்தொன்பது! இதைத் தீர்க்கவே 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூவேயில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் கூடினார்கள். மூன்று நாள் பேசியும் முடிவு வரவில்லை. கலையும் நேரத்தில் ஒரு சிறு நூலை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். ஜெனோவாவில் ஆசிரியராக இருந்த கனிசாரோ 1858-ல் வெளியிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரை அல்ல. தம் மாணவர்களுக்கு வேதியியலை எந்த வரிசையில் நடத்துகிறேன் என்ற பாடத்திட்டம். அவகாட்ரோவின் பழைய கருத்தை எடுத்து, வாயுக்களின் அடர்த்தியிலிருந்து அணு எடைகளைப் படிப்படியாக வருவிக்கும் முறை அதில் இருந்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் அதைப் படித்தவர்களுக்குத் தெளிவு பிறந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்த இளைஞர்களில் ஒருவர் மெண்டலீவ். 1867-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பொது வேதியியல் நடத்தும் பொறுப்பு வந்ததும், கையில் கொடுக்கத் தகுந்த ரஷ்யப் பாடநூல் இல்லை என்று தாமே எழுதத் தொடங்கினார். முதல் தொகுதி முடிந்தபோது சில தனிமங்கள்தான் அடங்கியிருந்தன. அறிந்திருந்த 63 தனிமங்களில் மற்றவற்றை எந்த ஒழுங்கில் சொல்வது என்ற திணறலில் 1869 மார்ச் 1-ம் தேதி அணு எடை வரிசையில் அடுக்கிப் பார்த்ததே தனிம வரிசை அட்டவணை. இன்னும் கண்டுபிடிக்காதவற்றுக்குக் காலியிடம் விட்டார். 1875-ல் பிரான்சில் காலியம் கிடைத்தது. கண்டவர் அதன் அடர்த்தி 4.7 என்றார். மெண்டலீவ் அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காமல், 5.9-க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், மாதிரியைச் சுத்தம் செய்து மறுபடி நிறுத்துப் பாருங்கள் என்று எழுதினார். நிறுத்தார்கள். 5.9.

இவ்வளவுக்குப் பிறகும் அணு மெய்யா என்ற சந்தேகம் தீரவில்லை. பிரான்சில் கல்வி அமைச்சராகவே இருந்த பெர்த்தெலோ 1890-கள் வரை அணுக்குறியீட்டை ஏற்காமல் நின்றார். ஜெர்மனியில் ஆஸ்ட்வால்டு அணுவை நம்பவில்லை. 1908-ல் ஜான் பெரான் நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்களை நுண்ணோக்கியில் உயரம் உயரமாக எண்ணிக் கணக்கிட்டுக் காட்டியபிறகுதான் ஆஸ்ட்வால்டு இணங்கினார். நம் பிள்ளை ஏழாம் வகுப்பில் கேட்கும் கேள்விக்கு உலகம் பதில் சொல்ல அத்தனை காலம் ஆயிற்று.

பள்ளிப் பாடத்தில் இந்த வரிசைக்காக முழுமூச்சாகப் போராடியவர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். 1880-களிலிருந்து இங்கிலாந்தில் அவர் சொன்னது: முடிவைச் சொல்லாதீர்கள், கண்டுபிடிக்க விடுங்கள். இரும்பு துருப்பிடித்தால் எடை கூடுமா குறையுமா என்று கேளுங்கள், நிறுக்கச் சொல்லுங்கள். அவர் முறையில் குறை உண்டு. நேரம் பிடிக்கும், பெரிய வகுப்பில் சிரமம். தாமே கண்டதைத்தான் நம்புவேன் என்ற பிடிவாதம் அவரையும் விடவில்லை. எக்ஸ் கதிரால் உப்பின் அமைப்பைக் கண்டு பல வருஷம் ஆன பின்னும், 1927-ல் நேச்சர் இதழில் அதைக் கடிந்து எழுதினார். ஆனாலும் துருவின் பாடம் வீணான பாடமல்ல. லேத் பட்டறையில் இரும்புத்தூள் வாங்கி, ஈரமான சோதனைக் குழாயின் உட்புறம் தூவி ஒட்டவைத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் கவிழ்த்து வையுங்கள். சில நாளில் தண்ணீர் குழாயின் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறி நிற்கும். துரு என்பது இரும்பு தேய்ந்து போவது என்று நினைத்திருந்த பிள்ளைகள், அது காற்றின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எடை கூடுவது என்று அறியும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

தமிழில் இதற்கெல்லாம் வசதி இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்த முயற்சியில் 'கெமிஸ்தம்' என்ற தமிழ் வேதியியல் நூல் 1875-ல் அச்சேறியது. மெண்டலீவின் அட்டவணைக்கு ஆறு வருஷம் கழித்து, காலியம் கிடைத்த அதே ஆண்டில். பின்னால் ராஜாஜி 'திண்ணை ரசாயனம்' என்று எளிய மக்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். வழி நமக்குப் புதிதல்ல.

பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கரும்பலகையில் அணுவை வரையாதீர்கள். மெழுகுவத்தியும் வெற்றிலைச் சுண்ணாம்பும் இரும்புத்தூளும் வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற சிறிய மின்தராசு ஒன்றைப் பள்ளி நிதியில் கேட்டு வாங்குங்கள், விலை அதிகமில்லை. மாறியது எது, மாறாதது எது என்று பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிக்க முடியாமல் நிற்பதற்குத் தனிமம் என்று பெயர் சொல்லுங்கள். இருமடங்கு, மும்மடங்கு என்று முழு எண்ணாகவே சேர்வது ஏன் என்று கேட்டு, ஒருநாள் முழுக்க விடை சொல்லாமல் விடுங்கள். மறுநாள் அணுவைச் சொல்லுங்கள்.